32 ஆண்டுகள் காத்திருந்த இரக்கம்



காதின் நுனி சிறிது வெட்டப்பட்ட தெருநாயை நம் மாங்காட்டில் நீங்கள் கண்டிருக்கலாம். கருத்தடை செய்யப்பட்டதற்கான அந்த அடையாளத்தின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷாவும் 1959இல் சென்னையில் தங்கள் இல்லத்திலேயே புளூ கிராஸைத் தொடங்கினார்கள். அந்நாட்களில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. வெறிநாய்க்கடியைக் குறித்த மக்களின் அச்சம் நியாயமானதே. ஆயினும், கொல்லப்பட்டவற்றின் இடத்தில் வேறு நாய்கள் குடியேறின, அச்சமும் நீங்கவில்லை.

ஆகவே 1964இல் புளூ கிராஸ் வேறொரு வழியை முன்வைத்தது. நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996இல்தான். 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது.

கடிபடும் குழந்தையையும் வாயில்லாத ஜீவனையும் ஒருங்கே நினைத்த இரக்கம் இது. 32 ஆண்டுகள் மறுக்கப்பட்டும் அது சோர்ந்துபோகவில்லை.

இவ்வாரம் நீதிமொழிகள் 12:10ஐ நிதானமாக வாசித்துத் தியானியுங்கள். உங்கள் தெருவில் காதில் அடையாளமில்லாத நாய் இருக்குமாயின், நகராட்சிக்குத் தெரிவியுங்கள். அதுவும் நீதியின் கிரியையே.