வேகமும் சுருதியும்: டெக்னோ டி.ஜே. கலையில் இரண்டு அளவுகள் பிரிந்த வரலாறு

இரண்டு டெக்னோ இசைத்துண்டுகளை இடைவெளி தெரியாமல் இணைக்கும் டி.ஜே.க்குத் திரை இன்று இரண்டு அளவுகளைக் காட்டுகிறது: நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது ஒன்று, சுருதி எது என்பது மற்றொன்று. இசைத்தட்டுக் காலத்தில் இவ்விரண்டும் ஒட்டியே இருந்தன. தட்டு விரைந்து சுழன்றால் சுருதியும் ஏறிவிடும். வேகம் பார்த்துச் சேர்க்கும் வழக்கம் 1970 வாக்கிலேயே வேரூன்றியது. சுருதி பார்த்துச் சேர்ப்பது பரவலாக மேலும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. இந்தத் தாமதத்துக்கு டி.ஜே.க்களின் செவியைக் குறைசொல்ல இடமில்லை. கருவியின் அமைப்பே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நியூயார்க்கின் சாங்ச்சுவரி நடன விடுதியில் டி.ஜே. ஃபிரான்சிஸ் கிராஸோ, சுழலும் தட்டின் மேல் இசைத்தட்டை விரலால் நிறுத்திப் பிடித்து, உரிய பீட்டில் விடுவித்து வாசித்தார். மனிதர் கொட்டிய டிரம்ஸ் என்பதால் அந்தத் தட்டுகளில் வேகம் நிலையாக நிற்காது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்கே2 இசைத்தட்டுக் கருவி சுழற்சியை உறுதியாக்கி, வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றவும் இறக்கவும் ஒரு நெம்பைத் தந்தது.

சிக்கல் அந்த நெம்பில்தான் இருந்தது. சுருதி ஓர் அரைச்சுரம் ஏற, வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். 130 பீட்டில் ஏ மைனரில் அமைந்த தட்டை 134-க்கு ஏற்றினால் கூடுவது 3 சதவீதம். சுருதி அரைச்சுரத்தில் பாதி ஏறி, ஏ மைனருக்கும் பி ஃபிளாட் மைனருக்கும் நடுவே போய் நிற்கும். பியானோவின் எந்தக் கட்டையிலும் அந்தச் சுரம் கிடையாது. உறையின் மேல் சுருதியைக் குறித்து வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் அது உதவாது.

டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் வளர்த்த டெக்னோ இதற்குத் தன்போக்கில் விடை கண்டது. டிரம் மெஷின் வேகத்தை நிலைப்படுத்தியது. அதன்பின் வந்த தட்டுகள் பலவற்றில் சுரங்கள் மிகக் குறைவு. ஒரே பாஸ் சுரம் நிமிடக்கணக்கில் ஓடும். மோதச் சுரமே இல்லாவிட்டால் அபசுரத்துக்கு இடமேது? ஜெஃப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் லிக்விட் ரூமில் வாசித்த பதிவில் பல தட்டுகள் ஓரிரு நிமிடத்திலேயே விலகிவிடுகின்றன. சுருதிப் பிணக்கு காதில் உறைக்கும் முன்பே அடுத்த தட்டு வந்துவிடுகிறது. இதை நான் குறைபாடாகக் கருதவில்லை. ஒரு முழுமையான அழகியல் அது.

வேகத்தையும் சுருதியையும் பிரித்தது எண்முறைத் தொழில்நுட்பம். 1994-இல் வந்த பயனியர் சிடிஜே-500 கருவியின் 'மாஸ்டர் டெம்போ' வசதி, வேகத்தை மாற்றினாலும் சுருதியை அசையாமல் வைத்தது. சுருதிக் குறிப்புக்குப் பயன் வந்தது அதன் பிறகே. மார்க் டேவிஸ் உருவாக்கிய கேமலாட் சக்கரம், ஜெர்மானிய இசையறிஞர் ஹைனிஷென் 1728-இல் வெளியிட்ட சுருதி வட்டத்தின் வழிவந்த முறையைக் கடிகார எண்களாக்கியது: மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. ஏ மைனர் 8ஏ, இ மைனர் 9ஏ. இவ்விரண்டுக்கும் ஏழில் ஆறு சுரங்கள் பொது. ஆகவே பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தால் உறுத்தாது. 2006-இல் வந்த 'மிக்ஸ்டு இன் கீ' மென்பொருள் அந்த எண்ணைத் தானே கணித்துக் கொடுத்தது.

அந்தக் கணிப்பு டெக்னோவில்தான் தடுமாறுகிறது. இத்துறையில் பரவலான முறை, ஒலியில் எந்தச் சுரம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று அளந்து, மேற்கத்திய சுருதிகளின் மாதிரிகளோடு ஒப்பிடுவது. மேஜரா மைனரா என்பதைக் காட்டிக்கொடுப்பது மூன்றாம் சுரம். ஏ, இ ஆகிய இரண்டு சுரங்கள் மட்டுமே ஒலிக்கும் துண்டில் அது இல்லை. மென்பொருள் அதற்கு 8ஏ என்றும் பெயரிடலாம், ஏ மேஜருக்குரிய 11பி என்றும் பெயரிடலாம். சக்கரத்தில் மூன்று இடம் தள்ளியிருக்கும் இவ்விரண்டோடும் அத்துண்டு ஒன்றுபோலவே இசையும். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவர், 8ஏ என்ற பெயரைக் கண்டதும் 11பி தட்டைப் பொருந்தாதென்று எடுத்து வைத்துவிடுவார்.