பஃபர் அளவு: பைட் கணக்கிலிருந்து நேரக் கணக்குக்கு

யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் நெட்வொர்க் பஃபரின் வரலாற்றை, சிறியது படிப்படியாகப் பெரிதான கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். பழைய பிஎஸ்டி வழி அமைப்புகளில் டிசிபி பஃபரின் இயல்பளவு 4,096 பைட். இன்றைய லினக்ஸில் அது பல மெகாபைட் வரை வளரக்கூடியது. ஆனால் அளவு பெருகியதை மட்டும் பார்த்தால் முக்கியமான மாற்றம் கண்ணில் படாது. பஃபரை பைட்டில் எண்ணிய பழக்கம் போய், அது உண்டாக்கும் தாமதத்தை நேரத்தில் அளக்கும் பழக்கம் வந்ததும், நிர்வாகி எழுதி வைத்த எண்ணுக்குப் பதிலாக கெர்னலே அளந்து முடிவு செய்யத் தொடங்கியதுமே இதன் உண்மையான வளர்ச்சி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1981இல் வெளியான டிசிபி வரையறை (ஆர்எஃப்சி 793) விண்டோ அளவுக்கு 16 பிட் ஒதுக்கியது. அதனால் பெறுநரிடமிருந்து ஒப்புகை வராமல் அதிகபட்சம் 65,535 பைட்தான் வழியில் இருக்க முடியும். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் 100 மெகாபிட் இணைப்பில் இதன் விளைவைக் கணக்கிடலாம். அந்த இணைப்பை நிரப்ப 1.25 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும். 65,535 பைட்டை வைத்துக்கொண்டு நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட்தான் கிடைக்கும். இணைப்பில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே பயன்படும். 1992இல் வந்த ஆர்எஃப்சி 1323 விண்டோ எண்ணை 14 இடம் வரை நகர்த்த வழிசெய்து, உச்சவரம்பை ஏறத்தாழ 1 கிகாபைட்டுக்கு உயர்த்தியது. நெறிமுறையின் தடை நீங்கியும், எந்த இணைப்புக்கு எவ்வளவு வைப்பது என்பதை நிர்வாகி கையால்தான் எழுத வேண்டியிருந்தது. பக்கத்து அறைக் கணினிக்கும் கடல் கடந்த கணினிக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? 1998இல் பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் செம்கே, மஹ்தவி, மாதிஸ் மூவரும் பஃபர் தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும் முறையை நெட்பிஎஸ்டியில் செய்து காட்டினர். லினக்ஸ் 2.4 அனுப்பும் பக்கத்திலும், 2.6 வரிசை பெறும் பக்கத்திலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. இன்று டிசிபி_ஆர்மெம் அமைப்பில் உள்ள மூன்று எண்களும் குறைந்தபட்சம், தொடக்க அளவு, உச்சவரம்பு ஆகியவை மட்டுமே. இடையில் எங்கே நிற்பது என்பதை கெர்னல் தீர்மானிக்கிறது.

இதுவரை சொன்னது இணைப்பின் இரு முனைகளைப் பற்றியது. பாக்கெட்டுகள் வெளியேறக் காத்திருக்கும் வரிசை வேறு. எல்லையற்ற நினைவகம் கொண்ட ரவுட்டரும் நெரிசலில் சிக்கினால், காலாவதியான பாக்கெட்டுகளையே சுமந்து, கடைசியில் எல்லாவற்றையும் இழக்கும் என்று ஜான் நேகிள் 1985இலேயே எச்சரித்தார். நினைவகம் மலிவானதும் அந்த எச்சரிக்கை மறந்துபோயிற்று. லினக்ஸின் ஈதர்நெட் வரிசையின் இயல்பளவு 1,000 பாக்கெட். அவை 1,500 பைட் பாக்கெட்டுகளாக இருந்து, வெளிச்செல்லும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாகவும் இருந்தால், வரிசையின் கடைசியில் நிற்பது 12 நொடி காத்திருக்கும். ஜிம் கெட்டிஸ் இதை ‘பஃபர்புளோட்’ என்ற பெயரில் பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாக்கெட்டும் காத்திருந்த நேரத்தைப் பார்த்தது. அது 5 மில்லிசெகண்டைத் தாண்டியே 100 மில்லிசெகண்ட் நீடித்தால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். அதே ஆண்டில் லினக்ஸ் 3.5 இதை ஏற்றது.

நினைவகம் மலிவு, பாக்கெட் இழப்பு தீது, ஆகவே வரிசை பெரிதாக இருப்பதே பாதுகாப்பு என்று வாதிடலாம். ஆனால் இழப்பைக் கண்டுதான் டிசிபி வேகத்தைக் குறைக்கிறது. பெரிய வரிசை அந்தச் செய்தியைத் தாமதப்படுத்தி நெரிசலை நீட்டிக்கிறது. 5 மில்லிசெகண்டும் கையால் எழுதிய எண்தானே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. 1 மெகாபிட்டுக்குக் கீழான இணைப்பில் ஒரு பாக்கெட்டை அனுப்பவே 12 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அங்கே இலக்கைத் தளர்த்தத்தான் வேண்டும். எனினும் 1,000 பாக்கெட் என்பதன் பொருள் வேகத்துக்கு வேகம் மாறுகிறது. 5 மில்லிசெகண்ட் 10 மெகாபிட்டிலும் 10 கிகாபிட்டிலும் பயனர் உணரும் அதே தாமதமாகவே நிற்கிறது. தொலைதூரப் பெருந்தரவுப் பரிமாற்றங்களுக்கு உச்சவரம்பைக் கையால் உயர்த்துவது இன்றும் தேவைதான். அது நினைவகத்தை எவ்வளவு ஒதுக்கலாம் என்ற அனுமதியே தவிர, பஃபரின் அளவு அல்ல. மாறாக, ஒரு செயலி தன் சாக்கெட்டில் பெறும் பஃபரின் அளவை நேரடியாக அமைத்தால், லினக்ஸ் அந்தச் சாக்கெட்டுக்குத் தானியங்கிச் சரிசெய்தலையே நிறுத்திவிடும். ஆகவே நிர்வாகி செய்ய வேண்டியது, இணைப்பின் வேகத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்து உச்சவரம்பை அதற்கேற்ப வைப்பதும், சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு கூடுகிறது என்று சோதிப்பதுமே.