மலைநாட்டுச் சட்டத்தரணிகள்

தேயிலையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் துரையைப் பற்றிச் சொல்வர். கங்காணியைப் பற்றிச் சொல்வர். கொழுந்து கிள்ளும் பெண்ணின் துயரத்தையும் சொல்வர். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பசும்போர்வை போர்த்து நிற்கும் மலைகளின் விதியைப் பெரும்பாலும் தூரத்து அறைகளில் அமர்ந்து எழுதிய வேறொரு கூட்டத்தார் உளர். அவர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை. அவர்களே சட்டத்தரணிகள். அவர்கள் எங்கிருந்து வந்தனர், முன்னர் என்ன தொழில் பயின்றனர், யாருக்காகப் பேசினர் என்பவற்றை இன்று நேயர்களுடன் சிந்திக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இக்காலத்தில் சட்டத்தரணி என்று ஒரே பெயரால் வழங்கப்படுவோர் முன்னாளில் இரு பிரிவினராக இருந்தனர். நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரை நேரிற் கண்டு வழக்குக்கான பத்திரங்களை ஆயத்தஞ் செய்பவர் பிரக்கிராசி. பிரக்கிராசிகளிற் பலர் நொத்தாரிசுகளாகவும் கடமையாற்றி உறுதி எழுதினர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் 1974 இல் நடைமுறைக்கு வந்தபோதே இவ்விரு பிரிவும் ஒன்றாயின.

மலைநாட்டுக்கு முதலில் வேண்டப்பட்டவர் வாதாடுபவர் அல்லர், உறுதி எழுதுபவரே. அதற்குக் காரணம் 1840 ஆம் ஆண்டிலே பிறந்த இரு கட்டளைச் சட்டங்கள். காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் ஒப்பமிட, எழுத்தில் நடைபெறல் வேண்டும் என்றது ஒன்று. காடும் தரிசும் பயிர் செய்யப்படாத நிலமும் முடிக்குரியவை என்றே கொள்ளப்படும் என்றது மற்றொன்று. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்து வந்த கண்டிக் குடியானவனிடம் அனுபவம் இருந்தது, எழுத்து இல்லை. எழுத்தில்லாதவன் நிலம் முடியின் நிலமாயிற்று. ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங் என்ற மலிவு விலைக்கு அது கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று.

கோப்பிக் காலத்திலேயே, 1841 இல், கொழும்பில் எவ். ஜே. அன்ட் ஜீ. டி சேரம் என்னும் சட்ட நிறுவனம் தோன்றியது. 1861 இல் கூட்டுப் பங்குக் கம்பெனிகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் கோப்பியை இலைநோய் தின்றது. தனித் துரையின் கையிலிருந்த தோட்டங்கள் காலப்போக்கிற் கம்பெனிகளின் கைக்கு மாறின. 1879 இல் ஜூலியஸ் அன்ட் கிறீசி நிறுவனம் எழுந்தது. அடைமானம், குத்தகை, பங்குப் பத்திரம், கைமாற்று உறுதி ஆகியவையே இத்தகைய வர்த்தகச் சட்டத்தொழிலின் அன்றாடப் பணி. இத்துறையில் தேர்ந்த ஒருவர் காணிக்கு உரோம டச்சுச் சட்டத்தையும், வர்த்தகத்துக்கு ஆங்கிலச் சட்டத்தையும் ஒருங்கே கற்றிருத்தல் வேண்டும். 1874 இல் சட்டக் கல்லூரி நிறுவப்பட்டது. மூத்த பிரக்கிராசியின் கீழ்த் தொழில் பயிலும் முறையும் நிலவியது. நுண்ணறிவும் உழைப்பும் வேண்டிய தொழில் இது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த உறுதிகளில் எல்லை மரமும் ஓடையும் கல்லும் குறிக்கப்பட்டன. லயத்திலே வாழ்ந்த மனிதன் குறிக்கப்படவில்லை.

அவனைக் குறித்த பத்திரம் வேறு. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, வேலையை விட்டு ஓடுவது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஒப்பந்தத்தை மீறிய வணிகன் நட்ட ஈடு கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியோ சிறை செல்லல் வேண்டும். இதற்கு மேலாகத் துண்டு என்னும் முறை. இவனுடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக் கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. கடன் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாறும். மனிதனும் அதனோடு மாறுவான்.

இந்த அநீதியை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய பின்னணி கவனிக்கத்தக்கது. கேம்பிரிட்ஜில் பயின்று, பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1875 இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவர். பின்னர்ப் பதிவாளர் நாயகமாக விளங்கியவர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர். காணிப் பதிவும் மக்கட் பதிவும் அத்திணைக்களத்தின் பொறுப்பே. நாட்டின் நிலத்தையும் மக்களையும் ஏடுகளில் ஒருங்கே கண்ட அவர், 1913 இல் ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கவில்லை. 1919 இல் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்துத் தண்டனை விதிகளை நீக்குமாறு வாதாடினார். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. சிறைத் தண்டனை விதிகளும் 1920 களின் தொடக்கத்தில் நீங்கின.

அடுத்து வந்தவர் எச். வி. பெரேரா. சிவில் வழக்குகளில் ஈடிணையற்றவர் எனப் புகழ் பெற்றவர். 1936 இல் மடுல்கலையில் றெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைத்தொழில் பழக வந்த பிறேஸ்கேடில் என்னும் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று பேசலானார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திலும் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். ஆட்கொணர் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது பெரேரா ஊதியமின்றி வாதாடினார். அவசர காலத்துக்கென ஆக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திலே பேச்சுரிமையைப் பறிக்கப் பயன்படுத்தலாகாது என்பது வழக்கின் சாரம். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான மன்றம் பிறேஸ்கேடிலை விடுவித்தது. தேசாதிபதியின் ஆணையும் சட்டத்துக்கு அடங்கியதே என்பதை நாடு அன்று கண்டது.

மூன்றாமவர் கொல்வின் ஆர். டி சில்வா. இவர் அப்புக்காத்து மட்டுமல்லர். இலண்டனில் வரலாற்றுத் துறையிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிரித்தானியர் இலங்கையைக் கைப்பற்றிய காலமே அவருடைய ஆய்வுப் பொருள். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின். தோட்டத்துக் கைம்பெண் ஒருத்தியின் பக்கத்தில், பொலிசாரையும் துரைமாரையும் கேள்வி கேட்கும் அதிகாரத்தோடு ஒருவர் எழுந்து நின்றது மலைநாட்டுக்குப் பெரும் புதுமை.

பதிவாளர் ஒருவர், சிவில் வழக்கு நிபுணர் ஒருவர், வரலாற்றாசிரியர் ஒருவர். மூவரும் கற்றோர், வசதியுள்ளோர். லயத்திலிருந்து வந்தவர் ஒருவருமில்லை. இதனால் அவர்தம் பெருமை குறையாது. ஆயினும் பிறர் வந்து பேசும்வரை தொழிலாளி காத்திருக்க வேண்டியிருந்தது என்ற உண்மையை மறைத்தலாகாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுட் பலர் சட்டம் படியாதவர்களே. ஹற்றனிலிருந்து தொழிற்சங்கம் நடத்திய பத்திரிகையாளர் கோ. நடேசையர் சட்டங்களை எளிய தமிழில் எழுதித் தொழிலாளிக்கு எட்டச் செய்தார்.

எழுத்தின் வலிமை மிகக் கொடிதாக வெளிப்பட்டது 1948 இலேயே. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பிப்போர், 1946 ஜனவரிக்கு முன் ஏழு ஆண்டோ பத்து ஆண்டோ தொடர்ந்து வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; உரிமை கிட்டியவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1840 இலே எழுத்தில்லாத குடியானவன் நிலத்தை இழந்தான். நூறாண்டு கழித்து எழுத்தில்லாத தொழிலாளி நாட்டை இழந்தான். கேகாலை மாவட்டத்துக் கோடக்கன்பிள்ளை என்பவரின் வாக்குரிமை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1953 இல் தோல்வியுற்றது. யார் குடிமக்கள் என வரையறுப்பது சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்று கழகம் கூறிவிட்டது. நீதிமன்றம் திறவாத கதவை அரசியலே திறக்க வேண்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துடனேயே எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கிட்டியது.

நல்லதொரு மாற்றமும் இடையில் நிகழ்ந்தது. 1957 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளுக்கு வழிவகுத்தது. அங்கே தொழிலாளிக்காகச் சட்டத்தரணி மட்டுமன்றித் தொழிற்சங்கப் பிரதிநிதியும் பேசலாம். ஒப்பந்தத்தின் சொற்களுக்குக் கட்டுப்படாது, நீதியும் நியாயமுமான தீர்ப்பு வழங்க அச்சபைக்கு அதிகாரம் உண்டு. செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டவன் ஹற்றனிலே நியாய சபை முன் நின்று, ஏன் வெட்டினீர் எனக் கேட்கலாயினான்.

1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சட்டத்தரணிகள் புதிய பத்திரங்கள் எழுதினர். ஆயினும் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாம் வாழும் வீட்டுக்கு இன்றும் உறுதி இல்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியும் வீடும் சிலருக்குக் கிடைத்துள்ளன, அது தொடக்கமே.

நேயர்களே, மலைநாட்டுக்குச் சட்டத்தரணி முதலில் வந்தது உறுதி எழுதுவதற்காக. அந்த வேலை இன்னும் முடியவில்லை. தோட்டத்திலே பிறந்து, பள்ளியிற் கற்று, சட்டம் பயிலும் பிள்ளைகளுக்கு முன்னால் அது காத்து நிற்கின்றது.