ஏரி நீரும் செம்புத் தடமும்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்கள் அதனுள் ஒரு பழுப்பு நிறப் பலகையைக் கண்டிருப்பர். அதன் ஒரு முகத்தில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் துளைகளில் கால் ஊன்றி நிற்கும். மறுமுகத்தில் செம்புக் கோடுகள் வளைந்தும் நெளிந்தும் ஓடும். இன்றைய கைப்பேசியின் பலகையோ வேறு வகை. அதில் உறுப்புகள் கால் ஊன்றுவதில்லை. பலகையின் மேற்பரப்பிலேயே படுத்துவிடுகின்றன. உறுப்பு நின்றால் என்ன, படுத்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இந்த ஒரு மாற்றம் செம்புத் தடம் போடும் வேலையையே புரட்டிவிட்டது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

மின்னணுக் கருவிகள் தோன்றிய காலத்தில் பலகையும் இல்லை, தடமும் இல்லை. ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குக் கம்பி இழுத்து, ஒவ்வொரு முனையிலும் கையால் ஈயப்பற்று வைத்தனர். கம்பிக்குப் பதில் தட்டையான உலோகப் படலத்தைப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் 1903-லேயே ஜெர்மனியில் ஆல்பர்ட் ஹான்சனுக்கு உதித்திருந்தது. ஆனால் அச்சிட்ட மின்சுற்றின் தந்தை என்று பெரும்பாலோர் கூறுவது பால் ஐஸ்லரையே. வியன்னாவில் பிறந்த இவர் 1936-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். செம்புப் படலம் ஒட்டிய பலகையில் வேண்டிய கோடுகளை மட்டும் மையால் மூடி, எஞ்சிய செம்பை அமிலத்தில் கரைத்தெடுப்பது அவர் வகுத்த முறை. அச்சுத் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்ட உத்தி இது. பெயரில் உள்ள 'அச்சு' அப்படி வந்ததுதான். பின்னர் 1949-இல் அமெரிக்கப் படையின் செய்தித்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த மோ ஆப்ரம்சன், ஸ்டானிஸ்லாஸ் டாங்கோ இருவரும், உறுப்புகளின் கால்களைத் துளைகளில் நுழைத்து, பலகையை உருகிய ஈயத்தில் ஒருமுறை தோய்த்தெடுத்தால் எல்லா இணைப்புகளும் ஒருங்கே பற்றிக்கொள்ளும் என்று காட்டினர். கையால் ஒவ்வொன்றாகப் பற்றவைத்த காலம் அதோடு முடியத் தொடங்கியது.

ஆயினும் எந்தக் கோடு எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை மனிதர்தாம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கோடுகளுக்கு ஒரே சட்டம்: வேறு வேறு மின்னிணைப்பைச் சேர்ந்த இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடலாகாது. வரைவாளர்கள் ஒளி ஊடுருவும் தாளில், உண்மை அளவைப்போல் இரண்டு அல்லது நான்கு மடங்கு பெரிதாக, கருநிற ஒட்டு நாடாவை வெட்டி ஒட்டினர். அதைப் புகைப்படக் கருவியால் சிறிதாக்கிப் பலகைக்கு மாற்றினர். ஒரு பெரிய பலகைக்கு வாரக்கணக்கில் வேலை இருக்கும். கடைசியாக மிஞ்சிய ஓர் இணைப்புக்கு வழி இல்லையென்றால் பாதியைப் பிய்த்துவிட்டு மீண்டும் ஒட்ட வேண்டியதுதான்! நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மின்னணு வடிவமைப்பு மையத்தில் இக்கலை முறையாகக் கற்பிக்கப்பட்டது. அம்மையத்தின் நூல் வரிசையில் வால்டர் பாஷார்ட் எழுதி 1983-இல் வெளிவந்த அச்சிட்ட மின்சுற்றுப் பலகைகள் பற்றிய நூலை அந்தத் தலைமுறைப் பொறியாளர் பலர் அறிவர்.

இந்த வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது எப்படி? விடையை விளங்கிக்கொள்ள ஓர் ஏரிக்கரைக்குப் போவோம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். ஏரியை மேற்பார்க்கவென்றே ஒரு வாரியம் இருந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் வட்டாரம் இது. இத்தகைய ஏரியின் மதகு ஒன்றிலிருந்து தொலைவிலுள்ள ஒரு வயலுக்குப் புதிதாக வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் வீடுகள், மேடுகள், பிறருடைய வாய்க்கால்கள் உண்டு. இவற்றைத் தவிர்த்து மிகக் குறுகிய வழி எது? மதகைத் திறந்து நீரைப் பரவ விட்டால் அதுவே கண்டுபிடித்துவிடும்! நீர் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் பரவி, தடையைச் சுற்றிக்கொண்டு வயலைத் தொடும். முதலில் வந்து தொட்ட நீர் எவ்வழியே வந்ததோ அதுவே குறுகிய வழி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சி. ஒய். லீ 1961-இல் வெளியிட்ட முறை ஏறக்குறைய இதுவே. பலகையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். தொடக்கக் கட்டத்தை ஒட்டிய காலிக் கட்டங்களுக்கு 1 என எண்ணிடுக. அவற்றை ஒட்டியவற்றுக்கு 2, அடுத்தவற்றுக்கு 3. இப்படியே எண்கள் அலையாகப் பரவிச் சேருமிடத்தைத் தொட்டதும், எண்கள் குறையும் திசையில் திரும்பி நடந்தால் பாதை கிடைத்துவிடும். மாணவர்கள் ஒரு வரைபடத்தாளில் சில கட்டங்களைக் கருமையாக்கிவிட்டு இதைச் செய்து பார்க்கலாம். வழி என்று ஒன்று இருந்தால் இம்முறை அதைத் தவறாமல் காணும்.

ஆனால் இதற்கு இரண்டு குறைகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கணிப்பொறியின் நினைவகத்தில் இடம் வேண்டும். 1960-களில் நினைவகம் பொன்னுக்கு ஒப்பானது. கட்டங்களை விட்டுவிட்டு இரு முனைகளிலிருந்தும் நேர்கோடுகளை நீட்டி, அவை சந்திக்கும் இடம் தேடும் முறையை 1969-இல் ஹைடவர் என்பவர் வகுத்தது இதனால்தான். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முதல் வாய்க்காலுக்குச் சிறந்த வழி, இரண்டாம் வாய்க்காலின் வழியை அடைத்துவிடலாம். ஊரில் முந்தி வெட்டியவர் பிழைத்துக்கொள்வார், பிந்தியவர் திண்டாடுவார். லீயின் அலைக்கு ஒரு தடம் மட்டுமே கண்ணில் படும். ஊர் முழுவதும் படாது.

குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடினால் என்ன செய்வோம்? மேலாகவோ கீழாகவோ கடத்துவோம். குமரி மாவட்டத்தில் மாத்தூர்த் தொட்டிப்பாலம் பள்ளத்தாக்கின் மேலே நீரைக் கொண்டுசெல்வது போலத்தான். மின்சுற்றுப் பலகையில் இந்தக் கடத்தல், மறுமுகத்துக்குப் போகும் செம்பு பூசிய துளையின் வழியே நடக்கிறது. இதை வழித்துளை என்போம்.

பழைய உறுப்புகளிடம் ஒரு பெரிய வசதி இருந்தது. அவற்றின் கால் பலகையை ஊடுருவி நின்றதால், உட்புறம் செம்பு பூசிய அத்துளையே வழித்துளையாகவும் பயன்பட்டது. மேல்முகத்துத் தடமும் அக்காலை அடையலாம், கீழ்முகத்துத் தடமும் அடையலாம். ஒரு முகத்தில் கிடைக்கோடுகள், மறுமுகத்தில் குத்துக்கோடுகள் என்று பிரித்துக்கொண்டு கணிப்பொறி எளிதாக வேலை செய்தது. கால்களின் இடைவெளியும் 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் கட்டம் போட்டால் 10 சென்டிமீட்டர்ச் சதுரப் பலகைக்கு ஏறத்தாழ 1,600 கட்டங்களே ஆகும்.

உறுப்புகள் படுத்ததும் இந்த இலவச வசதி பறிபோயிற்று. பரப்பில் பதியும் உறுப்புகளை 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் கையாளத் தொடங்கியது. சாட்டர்ன் ஏவுகலத்தின் கணிப்பொறியில் இம்முறை இடம்பெற்றது. 1980-களில் அது உலகெங்கும் பரவியது. இவ்வகை உறுப்பு அமரும் செம்புத் திட்டு ஒரு முகத்தில் மட்டுமே உள்ளது. கீழ்முகத்துத் தடம் அதை அடையத் தனியே ஒரு வழித்துளை இட்டாக வேண்டும். அத்துளையோ எல்லா அடுக்குகளையும் குத்திக்கொண்டு போய், ஒவ்வோர் அடுக்கிலும் பிற தடங்களின் வழியை மறிக்கும். கால்களும் நெருங்கிவிட்டன. இடைவெளி 0.5 மில்லிமீட்டர், திட்டின் அகலம் 0.3 என்றால் நடுவே மிஞ்சுவது 0.2 மட்டுமே. 0.15 மில்லிமீட்டர்த் தடத்துக்கு இருபுறமும் அதே அளவு விலகல் வேண்டுமானால் 0.45 தேவை, ஆகவே நுழைய முடியாது. எனவே முதல் வேலையாக ஒவ்வொரு காலிலிருந்தும் ஒரு குறுந்தடத்தை விசிறிபோல் வெளியே இழுத்து, அதன் நுனியில் வழித்துளை இடுகிறார்கள். கட்டத்தையும் 0.1 மில்லிமீட்டராகச் சுருக்க வேண்டியதாயிற்று. அதே பலகைக்கு இப்போது ஓர் அடுக்குக்கே 10 லட்சம் கட்டங்கள்!

தடம் திட்டைத் தொடும் விதமும் முக்கியம். இவ்வகைப் பலகையில் ஈயத்துக்குப் பதிலாகப் பற்றாசுக் களிம்பைத் திட்டுகளில் தடவி, உறுப்பை வைத்து, உலைக்குள் அனுப்புகின்றனர். இன்று பெரிதும் பயன்படும் காரீயம் கலவாத பற்றாசு ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில் உருகும். அரிசிக் குறுநொய் அளவே உள்ள ஒரு மின்தேக்கியின் ஒரு முனை மெல்லிய தடத்திலும், மறுமுனை அகன்ற செம்புப் பரப்பிலும் சேர்ந்திருந்தால், பரப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய தடத்தின் பக்கம் முதலில் உருகி, தன் இழுவிசையால் உறுப்பை நடுகல் போல் செங்குத்தாக நிறுத்திவிடும். வழித்துளையைத் திட்டின் மேலேயே அடைக்காமல் இட்டால், உருகிய பற்றாசு துளைக்குள் வடிந்துவிடும். மின்சுற்று வரைபடத்தில் பிழையே இராது. பலகை மட்டும் வேலை செய்யாது. குறுகிய வழியைக் காணும் அலைக்கு இவை எதுவும் தெரியாது.

ஆதலின் மென்பொருள்கள் வேறு திசையில் வளர்ந்தன. போட்ட தடத்தைப் பிய்த்து மீண்டும் போடும் முறை வந்தது. பின்னர், மனிதர் ஒரு தடத்தை இழுத்துச் செல்ல, குறுக்கிடும் தடங்களை உரிய விலகலோடு ஒதுக்கிவிடும் முறை வந்தது. முழுத் தானியங்கி முறைகள் இருந்தும், கடினமான பலகைகளில் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் முக்கியத் தடங்களைத் தாமே இழுப்பதையே விரும்புகின்றனர். கணிப்பொறி தோற்றது என்று இதைச் சொல்லிவிட முடியாது. கணக்கை அது பார்த்துக்கொள்கிறது. எதற்கு முதலிடம் என்பதை மனிதர் சொல்கிறார்.

தென்னேரி இருக்கும் அதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா நிறுவனம் கைப்பேசித் தொழிற்சாலையைத் தொடங்கியது. 2014-இல் அது மூடப்பட்டது. வேறு மின்னணுத் தொழிற்சாலைகள் அவ்வட்டாரத்தில் இயங்கிவருகின்றன. சுற்றுக் கிராமங்களின் இளைஞர்களும் பெண்களும் இத்தொழிலில் வேலை பார்த்துள்ளனர். ஆனால் உறுப்பைப் பதிப்பது வேறு, தடத்தை வகுப்பது வேறு. கைப்பேசிப் பலகையின் தடங்களை வேறு எங்கோ ஒருவர் வகுத்து, கோப்பாக அனுப்பிவிடுகிறார். தொழிற்சாலைக்கு வருவது எந்த உறுப்பு எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் என்னும் பட்டியல் மட்டுமே. பட்டியலின்படி இயந்திரம் பதிக்கிறது. நடுகல் போல் எழுந்து நிற்கும் மின்தேக்கியை முதலில் காண்பது சோதனை மேசையில் இருப்பவர். அதற்குக் காரணமான அகன்ற செம்பைத் திருத்தும் இடத்தில் அவர் இல்லை.

தடம் வகுக்கும் மென்பொருள் ஒரு காலத்தில் பெரு நிறுவனங்களே வாங்கத்தக்க விலையில் இருந்தது. 1992-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆசிரியர் ழான்-பியேர் ஷாரா தொடங்கிய கிகாட் என்னும் மென்பொருளை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம். தடங்களை ஒதுக்கித் தள்ளும் வசதியை அதற்குச் சேர்த்தவர்கள் ஜெனீவாவின் செர்ன் அணு ஆய்வுக்கூடத்தினர். சாதாரணக் கணிப்பொறி ஒன்றில் அது ஓடும். இரண்டு அடுக்குப் பலகையில் எட்டுக் கால் கொண்ட பரப்புறுப்பு ஒன்றையும் நான்கு மின்தேக்கிகளையும் வைத்து, வழித்துளைகளை எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு மாணவர் அதில் முயன்று பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.