சாய்ந்த கோல்: சூரியக் கடிகாரம் மணி காட்டக் கற்ற வரலாறு

சங்கப் பாடலான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறிந்தோர் நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் ஒருபக்கமும் சாயாத வேளை பார்த்துத் திசை குறிக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் கோல் முதலில் செய்த வேலை இதுதான்: திசை காட்டுவது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் அதற்குச் சங்கு என்று பெயரிடுகின்றன. தரையில் வட்டம் வரைந்து நடுவே சங்கை நட்டால், நிழல்நுனி காலையில் ஓரிடத்திலும் மாலையில் ஓரிடத்திலும் வட்டத்தைத் தொடும். அவ்விரு புள்ளிகளை இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. சூரிய சித்தாந்த மரபில் சங்கின் உயரம் 12 அங்குலம். இரவும் பகலும் சமமாகும் நாளின் உச்சிவேளை நிழலை அளந்தால் ஊரின் அட்சரேகை கிடைத்துவிடும். சென்னையில் அந்த நிழல் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

மணி காட்டுவது வேறு கதை. எகிப்தில் மன்னர் பள்ளத்தாக்கில் 2013இல் கண்டெடுக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் ஓட்டில் அரைவட்டம் 12 கூறாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டு. அக்காலத்தவர் பகல் நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரண்டாகவே பங்கிட்டனர். ஒரு 'மணி' கோடையில் நீளும், குளிரில் சுருங்கும்.

ரோமில் நடந்ததைப் பண்டை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 263இல் சிசிலியின் கட்டானியாவிலிருந்து போரில் கவர்ந்துவந்த சூரியக் கடிகாரத்தைப் பொதுமன்றத்தில் நிறுத்தினார்கள். கட்டானியா ரோமுக்கு நாலு பாகைக்கும் மேல் தெற்கே இருக்கிறது. கோடுகள் ரோமின் நேரத்தோடு ஒத்துவரவில்லை. ஆனாலும் 99 ஆண்டுகள் அதைப் பார்த்தே ஊர் நடந்தது. கி.மு. 164இல்தான் ரோமுக்கென்று வகுத்த ஒன்று வந்தது. ரோமானியரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. இன்று தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் பித்தளைக் கடிகாரங்களில் பலவும் வட நாடுகளுக்கு வார்த்தவை. அவற்றை அப்படியே மதுரையில் வைப்பவர் செய்வதும் அதே பிழைதான்.

என் பார்வையில், இவ்வரலாற்றின் திருப்பம் கோலைச் சாய்த்ததில் இருக்கிறது. செங்குத்துக் கோலின் நிழல் ஒரே மணிக்குப் பருவத்துக்கொரு திசையில் விழும். சென்னையில் ஜூன் நண்பகலில் ஒரு மீட்டர்க் கோலின் நிழல் 18 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழுகிறது, டிசம்பரில் வடக்கே. கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்தால் நிழல் ஆண்டு முழுவதும் ஒரு மணிக்கு ஒரே கோட்டில் நிற்கும். மணிகளும் சம அளவாகும். இவ்வகையில் எஞ்சியவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, வானியலாளர் இப்னு அல்ஷாதிர் 1371 வாக்கில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலுக்கு அமைத்த பளிங்குப் பலகை.

ஜெய்ப்பூரில் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய சாம்ராட் யந்திரம் அந்தச் சாய்கோலைக் கட்டடமாக்கியது. உயரம் 27 மீட்டர், சாய்வு ஊரின் அட்சரேகையான 27 பாகை. நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். இரண்டு விநாடித் துல்லியம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. நிழல்விளிம்பு பல சென்டிமீட்டருக்கு மங்கிக் கிடக்கும். அந்தத் துல்லியம் கல்லில் இல்லை, பார்ப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் கோலைச் சரியாக வடக்கு நோக்கி, தரைமட்டத்திலிருந்து தம் ஊரின் அட்சரேகை அளவு உயர்ந்திருக்குமாறு சாய்க்க வேண்டும்: சென்னைக்கு 13 பாகை, கன்னியாகுமரிக்கு 8. தட்டைத் தரையில் கிடையாக வைத்தால் நம் பக்கம் ஒரு தொல்லை உண்டு: சென்னையில் 11 மணிக் கோட்டுக்கும் 12 மணிக் கோட்டுக்கும் இடைவெளி வெறும் மூன்றரைப் பாகை. அட்டை வட்டத்தைக் கோலுக்குச் செங்குத்தாகச் செருகினால் மணிக்குப் பதினைந்து பாகையாகச் சமமாகப் பிரிக்கலாம். வெயில் ஆறு மாதம் வடமுகத்திலும் ஆறு மாதம் தென்முகத்திலும் படுமாதலால் இரு பக்கமும் கோடு போடுங்கள்.

பிறகு கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுவீர்கள். 1906 முதல் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னைச் சூரியன் அதற்கு 9 நிமிடம் பிந்தி வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் பருவத்துக்கேற்ற வேறுபாடும் சேரும். நவம்பர் தொடக்கத்தில் நிழல் பன்னிரண்டைத் தொடும்போது கைக்கடிகாரம் 11:53 காட்டும், பிப்ரவரி நடுவில் 12:23. பிழை என்று நினைத்துக் கோலைத் திருப்பிவிடாதீர்கள்.