ஒலுவில் கரை: பஞ்ச காலமும் பங்கு வழக்கமும்

ஒலுவில், இலங்கையின் கிழக்குக் கரையில் அம்பாறை மாவட்டத்தின் அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் உள்ள ஊர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். வடக்கே நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, நடுவே தென்னந்தோப்பும் குடியிருப்பும் என்பதே இக்கரையோர ஊர்கள் எல்லாவற்றின் அமைப்பு. களியோடை ஆறு இப்பகுதியில் கடலைச் சேர்கிறது. இன்று வெளியூரார் இவ்வூரை அறிவது துறைமுகத்தாலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தாலும். இவை இரண்டும் வருவதற்கு முன், கடலையும் வயலையும் மட்டும் நம்பிப் பல தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. அந்த வாழ்வின் வறுமையே, கிடைத்ததைப் பங்கிட்டு உண்ணும் வழக்கத்தை வளர்த்தது.

வறுமைக்கு இங்கே ஒரு பருவம் இருந்தது. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும்; சிறு தோணிகள் கரையேற்றப்படும். அதே மாதங்களில்தான் பெரும்போக நெல் விதைக்கப்பட்டுப் பயிராக நிற்கும். மாசி, பங்குனியில்தான் அறுவடை. ஆகவே நவம்பர் முதல் ஜனவரி வரை கடலும் அடைபட்டிருக்கும், வயலும் கைகொடுக்காது. முந்திய போகத்து நெல்லைச் சேமித்து வைத்தவர் சமாளித்தார். சொந்த வயலோ சொந்த வலையோ இல்லாத கூலிக் குடும்பத்துக்கு அந்த மழைக்காலமே பசிக்காலம். கருவாடும் மரவள்ளிக் கிழங்கும் இலைக்கஞ்சியும் அடுப்பைக் காத்தன. கடையில் கடன், வலைக்காரரிடம் முன்பணம், வயல் உரிமையாளரிடம் நெற்கடன் என்று வாங்கியதை அடுத்த பருவத்தில் உழைத்துத் தீர்த்தார்கள். பலருக்கு அது தீராமலே அடுத்த ஆண்டுக்குச் சென்றது.

கடல் திறந்ததும் முதலில் உயிர்பெற்றது கரைவலைத் தொழில். வலையின் ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக இறக்கியபடி வளைந்து வந்து, மறுமுனைக் கயிற்றைச் சற்றுத் தொலைவில் கரைசேர்க்கும். பின்னர் இரு அணியாக நின்று பலர் கயிற்றை இழுப்பார்கள். நீண்ட நேர இழுப்புக்குப் பிறகு மீன் நிறைந்த மடி கரைக்கு வரும். நெத்தலி, கீரி, சூடை, பாரை என்று பருவத்துக்கேற்ற மீன் கிடைக்கும். சில நாள் மடி வெறுமையாகவும் வரும். விற்ற பணத்தில் செலவைக் கழித்து, எஞ்சியதை வலைச் சொந்தக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரித்தார்கள். பணப் பங்குக்கு முன்பாகவே ஒவ்வொருவருக்கும் கறிக்கு மீன் உண்டு. வலை இழுக்கக் கைகொடுத்த சிறுவனும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. இழுத்தவர் இறந்தாலோ நோயுற்றாலோ அவர் வீட்டுக்கு மீன் அனுப்புவதும் கடற்கரை ஒழுங்கில் சேர்ந்ததே. ஏழை வீட்டுப் பிள்ளை உழைப்பின் மதிப்பை அறிந்தது இந்தக் கரையில்தான். தன் கையால் கொண்டுவந்த மீனில் அன்று அடுப்பு எரிவதை அது கண்ணால் கண்டது.

வயலின் ஒழுங்கு வேறு. நிலம் போடியார் எனப்பட்ட உரிமையாளரிடம் இருந்தது. முல்லைக்காரர் அவருக்காக வயல்வேலையை முன்னின்று நடத்தினார். வட்டவிதானை நீர்ப்பாய்ச்சலைக் கவனித்தார். 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் எனும் பெரும் நீர்த்தேக்கம் எழுந்தது. அதன் பின் மாவட்டத்தின் நெல் விளைச்சல் பெருகியது. ஆனால் பெருகிய விளைச்சல் நிலமற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அறுவடைக் கூலியும், அறுத்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிய கதிரும், களவட்டி எனும் நெற்களத்தில் சூடு மிதித்து முடிந்ததும் அள்ளிக் கொடுத்த நெல்லும்தான்.

களவட்டியில் கொடுத்த நெல்லில் ஒரு பகுதி கொடையாளியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இஸ்லாமியச் சட்டப்படி விளைச்சல் குறிப்பிட்ட அளவை எட்டினால் அதில் ஸகாத் எனும் ஏழைகளுக்கான பங்கு கடமையாகிறது. மழைநீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. விவசாயியின் செலவு கூடினால் ஏழையின் பங்கு குறையும்; வானம் இலவசமாக விளைவித்தால் ஏழைக்கும் அதில் கூடுதல் உரிமை உண்டு. இதனால், வாங்குபவர் தம் உரிமையைப் பெற்றார் என்றும், கொடுப்பவர் தமக்குரியதல்லாததை ஒப்படைத்தார் என்றும் மார்க்கம் கற்பித்தது. வாங்கும் கை கூசாமல் இருக்க அது உதவியது.

ரமழான் நோன்பின் முடிவில் கொடுக்கும் ஸகாத்துல் பித்ர் இதைவிட ஆழமான பாடம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் எனும் சட்ட மரபின்படி, பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் வேண்டிய உணவும் அடிப்படைத் தேவைகளும் போக மிஞ்சியது உள்ள எவரும், வீட்டில் தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி, கொடுக்க வேண்டும். அன்றைக்குச் சற்று மிஞ்சினாலே ஏழையும் கொடுப்பவராகிவிடுகிறார். காலையில் ஒரு வீட்டிலிருந்து அரிசி வாங்கிய குடும்பம், தன்னைவிட எளிய குடும்பத்துக்கு அரிசி கொடுத்தனுப்பக்கூடும். ஏழைப் பிள்ளைக்கு, நன்றி என்பது தலைகுனிந்து நிற்பது அன்று, தன்னிடம் உள்ளதில் பிறருக்கும் இடம் உண்டென்று அறிவது என்பதை இந்த வழக்கம் சொல்லாமல் சொல்லியது.

வீட்டுக்குள்ளும் இதே பயிற்சி. சோற்றில் கைவைக்கும்போது ‘பிஸ்மில்லாஹ்’, உண்டு முடித்ததும் ‘அல்ஹம்துலில்லாஹ்’. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் துடைத்து உண்பதும், விரலில் ஒட்டிய பருக்கையையும் வீணாக்காமல் இருப்பதும் நபிவழி. மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற நபிமொழிக் கருத்தைப் பிள்ளைகள் மார்க்கம் கற்பிக்கும் லெப்பையின் ஓதப்பள்ளியில் கேட்டு வளர்ந்தார்கள். நோன்புக் காலத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தி வரிசையில் நின்றதில் செல்வர் வீட்டுப் பிள்ளையும் உண்டு. ஒரே அண்டாவின் கஞ்சிதான் எல்லார் வீட்டுக்கும் போனது. கந்தூரி, கலியாண விருந்துகளில் பலர் சஹன் எனும் ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்டார்கள். நாகூர் இறைநேசர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் பன்னிரண்டு நாள் நடக்கும் கொடியேற்ற விழா இவ்வட்டாரத்தில் பெரியது. அதன் நிறைவில் கந்தூரிச் சோறு பகிரப்படுகிறது.

வறுமையின் பெரும்சுமை பெண்கள் தோளில் இருந்தது. கிழக்கிலங்கையில் குடி எனும் குல முறை தாய்வழியானது. மணமான பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடமை. இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் உள்ள கூலியாளுக்கு வீடு கட்டுவதே ஆயுள் உழைப்பு. தாய்மார் சதுப்பில் பன் புல் வெட்டி உலர்த்திச் சாயமேற்றிப் பாய் இழைத்தார்கள், நெல் அவித்துக் குற்றினார்கள், கருவாடு காயவைத்தார்கள். பாய் விற்ற காசில்தான் பல வீடுகளில் பெருநாள் உடுப்பு வந்தது. இந்த உழைப்பைப் போற்றாமல் அக்காலத்து மனநிறைவை மட்டும் புகழ்வது சரியான வரலாறாகாது.

ஊரின் பங்குக்குத் துணையாக அரசின் பங்கும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. ‘கூப்பன் அரிசி’ இலங்கை ஏழைகளின் உயிர்நாடியானது. 1953இல் கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1966இல் வாரப் பங்கு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு இலவசமாக்கப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு உச்சத்தை அடைந்தது; பாணுக்கும் மாவுக்கும் விடியுமுன்பே வரிசை நின்றது; மரவள்ளி நாடெங்கும் முக்கிய உணவாயிற்று. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி இதைவிட நிலையான கொடை. மீனவர், கூலியாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆன வழி அதுவே.

இயற்கையும் போரும் இக்கரையை விடவில்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கிழக்கின் தென்னைகளையும் கூரைகளையும் வீழ்த்தியது. 1980களிலிருந்து நீடித்த உள்நாட்டுப் போரில் வயலுக்கும் கடலுக்கும் போவதே ஆபத்தானது. பல விவசாயிகள் மேற்கிலிருந்த வயல்களை ஆண்டுக்கணக்கில் காணவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் உதவி வாகனங்கள் வருமுன், பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சோறாக்கி இடம்பெயர்ந்தோருக்குக் கொடுத்தன. பஞ்ச காலத்தில் பழகிய பங்கு வழக்கம் பேரழிவில் கைகொடுத்தது.

இவ்வூரின் வறுமையைக் கல்வியாலும் தொழிலாலும் நீக்கும் பெருந்திட்டங்கள், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் நிறுவுநர் எம்.எச்.எம். அஷ்ரஃபோடு தொடர்புடையவை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. துறைமுக அமைச்சராக இருந்தபோது ஒலுவில் துறைமுகத்துக்கும் அவர் வித்திட்டார். 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் கட்டுமானம் ஆரம்பமாகி, 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது.

எதிர்பார்த்த பலன் முழுமையாகக் கிட்டவில்லை. கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. அலைதடுப்புச் சுவர் இந்த நகர்வை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளோடு கரைவலை இழுக்கும் பாடுகளும் கடலுக்குள் போயின. துறைமுகத்தால் முதலில் வாழவேண்டிய கரைவலைத் தொழிலாளரே முதலில் இழந்தவர்களும் ஆனார்கள்.

மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் அரச உத்தியோகமும் இன்று வீடுகளை மாற்றிவிட்டன. மார்க்கச் சீர்திருத்த இயக்கங்களின் தாக்கத்தால் சில ஊர்களில் கந்தூரி குறைந்துள்ளது. ஆனால் நோன்புக் கஞ்சி, பித்ர் அரிசி, ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சிப் பங்கு ஆகியவை தொடர்கின்றன. ஸகாத்தை ஊர் அளவில் திரட்டி வீடமைப்புக்கும் தொழிலுக்கும் கொடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. வறுமை ஒருநாளும் போற்றத்தக்கதன்று. அந்த வறுமைக்குள் ஒலுவில் கரை உருவாக்கிய பங்கு ஒழுங்கு, வறுமை நீங்கிய பின்னும் காக்கத் தகுந்தது.