பிஜித் தீவின் தென்னை அந்து

தென்னையை நம்பி வாழும் மக்களுக்குப் பச்சை ஓலை பட்டுப்போகும் காட்சியைவிடத் துயரந் தருவது பிறிதொன்றில்லை. பசுபிக் கடலிலுள்ள பிஜியின் பெருந்தீவாகிய விற்றி லெவுவில் இத்துயரம் 1870களிலேயே தொடங்கிவிட்டது. லெவுவானா என்னும் சிற்றந்தின் புழுக்கள் ஓலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றன. மேற்றோல் மட்டும் எஞ்சி உலர்ந்தது. தூரத்தே நின்று பார்ப்போருக்குத் தோப்பு முழுவதும் தீயில் வாடியதுபோலத் தோன்றும். மரம் உடனே சாவதில்லை, காய்ப்பதை நிறுத்திவிடும்.

1916ஆம் ஆண்டளவில் அந்து அண்டைத் தீவுகளுக்கும் பரவியது. அப்பால் இருந்த வனுவா லெவுவும் தவெயுனியும் கொப்பறாவின் களஞ்சியங்கள். அவையும் வீழ்ந்தால் குடியானவன் கதி என்ன? வானளாவிய மரங்களுக்கு நஞ்சு தெளிப்பதுதான் எங்ஙனம்?

1925இல் ரொத்தில் என்னும் பூச்சியியலாளர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இயங்கியது. லெவுவானாவை அடக்கும் இயற்கைப் பகை பிஜியில் இல்லை என்பதைக் கண்ட அவர்கள், அதனைப் பிறநாட்டில் தேடினர். மலாயாவில் ஆர்ட்டோனா என்னும் உறவுமுறை அந்தும் தென்னோலையையே தின்றது. ஆனால் அதன் புழுவின் உடலுக்குள் ஓர் ஈயின் குடம்பி புகுந்து அதனை மாய்த்துவந்தது. அவ்வீயைக் கப்பலேற்றுவது எளிதன்று. அதன் ஆயுள் குறுகியது. வழியிலேயே இனம் பெருகவேண்டும். ஆகவே கூண்டுகளுக்குள் தென்னங்கன்றுகளை வைத்து, அவற்றில் புழுக்களையும் விட்டு, ரெயிலர் என்பவர் கடல்கடந்து கொண்டுவந்தார். ஈக்குத் தீனி புழு, புழுவுக்குத் தீனி ஓலை: ஒரு சிறு தோப்பே பயணஞ் செய்தது எனலாம்! 1925 ஆகஸ்டில் சுவாத் துறைமுகத்தை உயிருடன் அடைந்தவை முந்நூற்றுச் சொச்சம் ஈக்களே.

அவற்றைப் பெருக்கித் தோப்புகளில் விட்டனர். சில மாதங்களுக்குள் புழுவின் கொட்டம் அடங்கியது. மொட்டையாய் நின்ற மரங்கள் மீண்டும் குலை தள்ளின.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 1950களின் நடுப்பகுதிக்குப் பின்னர் லெவுவானாவை எவரும் கண்டதாக நம்பத்தகுந்த பதிவு இல்லை. அழிந்துபோன உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரும் ஏறிவிட்டது. பிஜிக்கே உரிய ஓர் உயிரை மனிதன் துடைத்தெறிந்தான் என்பர் சிலர். அது வேறிடத்திலிருந்து வந்தேறியது, தாயகத்தில் இன்னும் இருக்கக்கூடும் என்பர் வேறு சிலர். அத்தாயகத்தை இதுவரை எவரும் சுட்டிக்காட்டவில்லை. தோப்பை இழக்கவிருந்தவனிடம் அன்று இவ்வழக்கைக் கொண்டுசென்றிருந்தால், அவன் காதுகொடுத்திருப்பானா என்பது ஐயமே. ஈயோ வேறு அந்துக்களின் புழுக்களைப் பற்றிக்கொண்டு பிஜியில் நிலைத்துவிட்டது.